கிரில்லில் தொங்கும் பிளக்

குளிர் நாட்டுக்கு வந்த புதிதில் வாகன நிறுத்தங்களில் ஒரு காட்சி எனக்குப் புரியவே இல்லை. நிற்கிற வண்டிகளில் பாதிக்கு மேல், முன்பக்கக் கிரில்லிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். நுனியில் மூன்று முள் பிளக். மின்சார வண்டிகளும் அல்ல. எல்லாம் பெட்ரோலிலும் டீசலிலும் ஓடுகிறவை. நான் பழைய கார் ஒன்று வாங்கியபோது அதிலும் அந்த ஒயர் இருந்தது. பம்பருக்குப் பின்னால் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். என்ன ஏது என்று நான் யாரையும் கேட்கவில்லை. ஜனவரி வரை அது அங்கேயே கிடந்தது.

ஜனவரியில் ஒரு விடிகாலை, மைனஸ் 31 டிகிரி. சாவியைத் திருப்பினேன். வழக்கமாகத் துள்ளிக் கிளம்பும் சத்தம் வரவில்லை. தூக்கத்தில் முனகுகிற மாதிரி ஒரு முறை, இழுத்து இழுத்து இன்னொரு முறை, அப்புறம் வெறும் டிக் டிக். டேஷ்போர்டு விளக்குகள் மங்கிப் போயின.

பக்கத்து வீட்டில் லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் இருந்தார். இருபது குளிர்காலம் பார்த்தவர். சத்தத்தைக் கேட்டே வெளியில் வந்துவிட்டார்.

"தம்பி, ராத்திரி வண்டியைச் சொருகலையா?"

"எதைண்ணே சொருகணும்?"

அவர் பதில் சொல்லவில்லை. குனிந்து பம்பருக்குள் கையை விட்டு அந்த ஒயரை உருவி எடுத்தார். தன் வீட்டுச் சுவரிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்துவந்து மாட்டினார். "இப்ப இங்க காதை வை" என்றார். முன் சக்கரத்துக்கு மேல், பானெட்டின் ஓரத்தில் காதை வைத்தேன். கெட்டிலில் தண்ணீர் கொதி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மெல்லியதாக ஒரு 'ஸ்ஸ்' கேட்குமே, அதே சத்தம். "உள்ள தண்ணி சுடுது. மூணு மணி நேரம் சாவியைத் தொடாத" என்று சொல்லிவிட்டு, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் சார்ஜரில் போட்டார்.

மூன்று மணி நேரம் கழித்து ஒரே திருப்பில் என்ஜின் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து பதினோரு குளிர்காலம் ஆகிறது. அந்த ஒயரின் மறுமுனையில், என்ஜினுக்குள் இருக்கிற மின்சூடேற்றிக்குப் பெயர் பிளாக் ஹீட்டர். அதைப் பற்றி நண்பர்களிடம் பேசும்போதெல்லாம் நான் கேட்கிற மறுமொழி ஒன்றுதான்: "என் வண்டி மைனஸ் 30-லயும் ஸ்டார்ட் ஆகுதே, எனக்கு எதுக்கு அது?" இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்தக் கேள்விக்காகத்தான். ஸ்டார்ட் ஆவது ஒரு விஷயம். ஸ்டார்ட் ஆன அந்த முதல் ஒரு நிமிடத்தில் என்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்பது வேறு விஷயம்.

ஒருமுறை, இரவு முழுக்க வெளியில் நின்ற வண்டியில், எண்ணெய் அளவு பார்க்கிற குச்சியான டிப்ஸ்டிக்கை அதிகாலையில் உருவிப் பார்த்தேன். கோடைகாலத்தில் அந்தக் குச்சியைச் சாய்த்துப் பிடித்தால் எண்ணெய் ஓடி வந்து நுனியில் சொட்டும். அன்று சொட்டவில்லை. பொன்னிறமான ஒரு திட்டு நுனியில் ஒட்டிக்கொண்டு, நான் எண்ணி முடிப்பதற்குள் விழும் விழும் என்று காத்திருந்தும், கொஞ்சமாக நீண்டு அப்படியே நின்றது. இதைத்தான் என்ஜினுக்குள் இருக்கிற எண்ணெய் பம்ப் உறிஞ்சி, குறுகலான வழிகள் வழியாக மேலே, வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம்ஷாஃப்ட் வரைக்கும் தள்ள வேண்டும். அது போய்ச் சேரும் வரை, முந்தின நாள் ஓட்டத்தில் மிஞ்சிய மெல்லிய எண்ணெய்ப் படலத்தை நம்பித்தான் உலோகமும் உலோகமும் உரசிச் சுழல்கின்றன.

எண்ணெய் டப்பாவில் 5டபிள்யூ-30 என்று போட்டிருப்பார்கள். அந்த டபிள்யூ எடையைக் குறிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது வின்டர். எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் தரவிதிப்படி, ஸ்டார்ட்டர் என்ஜினைச் சுழற்றும் நிலைமையில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. 10டபிள்யூ எண்ணெயை மைனஸ் 25 டிகிரியில் வைத்துச் சோதிப்பார்கள், 5டபிள்யூவை மைனஸ் 30-ல், 0டபிள்யூவை மைனஸ் 35-ல். அதாவது எண்ணெய் டப்பாவிலேயே ஓர் எல்லைக்கோடு எழுதியிருக்கிறது. கடுங்குளிர் நாட்டில் இருக்கிறவர்கள், வண்டியின் கையேடு அனுமதித்தால், 0டபிள்யூ எண்ணெய்க்கு மாறுவது நல்லது. ஹீட்டர் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை அது.

எண்ணெய் கெட்டிப்படுகிற அதே நேரத்தில் பேட்டரியும் சோர்ந்துவிடுகிறது. ஈய-அமில பேட்டரிக்குள் நடக்கிற வேதிவினை குளிரில் மந்தமாகும். பேட்டரி மேல் சிசிஏ என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் 18 டிகிரியில், 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல், 30 விநாடிக்கு எத்தனை ஆம்பியர் தர முடியும் என்பதைக் காட்டும் எண் அது. மைனஸ் 30 என்றால் அதைவிடக் குறைவாகத்தான் தரும். கேட்கிறவனுக்குப் பசி கூடுகிறது, கொடுக்கிறவன் கை சுருங்குகிறது. என் வண்டி அன்று முனகியதற்கு இதுதான் காரணம். கூடவே இன்னொன்று: முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி மைனஸ் 50-ஐத் தாண்டினாலும் உறையாது, ஆனால் சார்ஜ் இறங்கிப்போன பேட்டரி மைனஸ் 7, 8 டிகிரியிலேயே உறைந்துவிடலாம். உறைந்து உப்பிய பேட்டரிக்கு இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் கேபிள் மாட்டாதீர்கள். வெடிக்கக்கூடும்.

மூன்றாவது, பெட்ரோல். குளிர்ந்த சிலிண்டருக்குள் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் வண்டியின் கணினி வழக்கத்தைவிட அதிகமாகப் பெட்ரோலைப் பீய்ச்சச் சொல்கிறது. ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் திரவமாக வழிந்து, அங்கே இருந்த எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு, பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே எண்ணெய்த் தொட்டியில் போய்க் கலக்கிறது. கழுவப்பட்ட சுவரில் பிஸ்டன் உரசுகிறது. வெளியே போகும் புகையும் மோசமானதுதான். புகைக்குழாயில் நச்சுப்புகையைச் சுத்திகரிக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சுமார் 250, 300 டிகிரி சூடேறிய பிறகே வேலையைத் தொடங்கும். அதுவரை என்ஜின் துப்புவதெல்லாம் அப்படியே தெருவுக்கு வருகிறது.

"ஸ்டார்ட் ஆகுதே" என்கிற நண்பர்களின் வண்டியிலும் ஒவ்வொரு காலையும் இவை அத்தனையும் நடக்கின்றன. சத்தம் கேட்காததால் நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

சரி, அந்த ஹீட்டர் என்ன செய்கிறது? பெரிதாக ஒன்றுமில்லை. கெட்டிலின் அடியில் இருக்கிற சூடேற்றிதான் அது. 400 வாட்டிலிருந்து 1000 வாட் வரை இருக்கும். பெரிய லாரிகளுக்கு அதற்கும் மேல். என்ஜினின் உடலான பிளாக்கை வார்க்கும்போது உள்ளே இருக்கும் மணலை வெளியேற்ற விடுகிற துளைகளைப் பிறகு சிறு உலோக மூடிகளால் அடைத்துவிடுவார்கள். ஃபிராஸ்ட் பிளக் என்று மெக்கானிக்குகள் சொல்வது அதைத்தான். அப்படி ஒரு மூடியைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் ஹீட்டரைச் செருகுகிறார்கள். சூடேற்றிக் கம்பி நேரடியாக, என்ஜினைக் குளிர்விக்கிற திரவமான கூலண்ட்டுக்குள் இருக்கும். சூடான கூலண்ட் மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். பம்ப் எதுவும் இல்லாமலேயே வெப்பம் பிளாக் முழுக்கப் பரவும். அண்ணன் என்னைக் கேட்க வைத்தது அந்தக் கம்பியை ஒட்டிக் கூலண்ட் சூடேறுகிற சத்தத்தைத்தான்.

இது வருவதற்கு முன் மக்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. என்ஜின் மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். ராத்திரியில் எண்ணெயை வடித்து வீட்டுக்குள் அடுப்பருகே வைத்திருந்து காலையில் திரும்ப ஊற்றியிருக்கிறார்கள். என்ஜினுக்கு அடியில் தணலைத் தள்ளி வைத்தவர்களும் உண்டு. வடதுருவத்தை ஒட்டிய பகுதிகளில் சிறு விமானம் ஓட்டியவர்கள், தரையிறங்கியதும் செய்த முதல் வேலை, சூடு ஆறுவதற்குள் எண்ணெயை வடித்து எடுப்பதுதான். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற ஊரில் மின்சாரக் கூட்டுறவு அமைப்பு ஒன்றை நடத்திவந்த ஆண்ட்ரூ ஃப்ரீமேன் என்பவர், சிலிண்டர் தலையை இறுக்குகிற போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அங்கே மின்சூடேற்றி கொண்ட ஒரு போல்ட்டை முறுக்கும்படி வடிவமைத்தார். 1949 நவம்பர் 8-ஆம் தேதி அதற்குக் காப்புரிமை கிடைத்தது. எவ்வளவு எளிமையான யோசனை! இருக்கிற ஓட்டையையே பயன்படுத்திக்கொண்டார். என்ஜினில் புதிதாக எதையும் துளைக்கவில்லை. இந்த மனிதரைப் பற்றிப் படித்ததிலிருந்து அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

இப்போது வேறு வகைகளும் கிடைக்கின்றன. எண்ணெய்த் தொட்டியின் அடியில் ஒட்டுகிற பட்டை, ரேடியேட்டர் குழாயின் நடுவில் பொருத்துகிற ஹீட்டர், பேட்டரிக்குச் சுற்றுகிற போர்வை. டிப்ஸ்டிக்குக்குப் பதிலாகச் செருகுகிற ஒரு குச்சியும் விற்கிறார்கள். அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். சூடு ஓரிடத்திலேயே குவிகிறது, அதைச் சுற்றியுள்ள எண்ணெய் கருகுகிறது, மற்ற இடமெல்லாம் குளிர்ந்தே கிடக்கிறது. ஃபிராஸ்ட் பிளக் வகையை வீட்டில் நீங்களாகப் பொருத்தவும் வேண்டாம். கூலண்ட்டை வடித்து, மாட்டி, திரும்ப நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை முழுவதும் வெளியேற்றியாக வேண்டும். காற்றுக் குமிழிக்குள் மாட்டிய சூடேற்றி சில நிமிடத்திலேயே எரிந்துபோகும்.

எவ்வளவு நேரம் சொருக வேண்டும் என்பதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். படுக்கப் போகும்போது மாட்டிவிட்டு விடிந்ததும் கழற்றுவது வழக்கமாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 வாட் ஹீட்டர் 12 மணி நேரம் ஓடினால் 4.8 யூனிட். 3 மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட். நாலில் ஒரு பங்கு. பலன் ஏறக்குறைய அதேதான். ஏனென்றால் என்ஜின் சூடேற ஏற, அது காற்றுக்கு இழக்கிற வெப்பமும் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் வருவதும் போவதும் சமமாகிவிடும். அதற்கு மேல் நீங்கள் தெருவைத்தான் சூடாக்குகிறீர்கள்.

நான் இதை அளந்தே பார்த்திருக்கிறேன். வண்டியின் கணினியில் மாட்டிக் கூலண்ட் வெப்பநிலையைப் படிக்கிற சின்னக் கருவி ஒன்று என்னிடம் உண்டு. வெளியே மைனஸ் 28. இரண்டு மணி நேரத்தில் கூலண்ட் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மூன்றாவது மணியில் 6 டிகிரி. நான்காவது மணியில் 8. அப்புறம் காலை வரை அந்த எட்டிலேயே நின்றது. கையை வைத்தால் சூடு என்று சொல்ல மாட்டீர்கள். ஆனால் மைனஸ் 28-ல் கிளம்புகிற என்ஜினுக்கும் 6 டிகிரியில் கிளம்புகிற என்ஜினுக்கும் உள்ள வித்தியாசம் சாவியைத் திருப்பும் விரலிலேயே தெரியும். உங்கள் வண்டியில் இந்த எண்கள் மாறும். காற்றடித்தால் குறையும், சுவரோரம் மறைவாக நின்றால் கூடும்.

அதனால் ஒரு டைமர் வாங்குங்கள். வெளிப்புறப் பயன்பாட்டுக்கு என்று போட்டிருப்பது, ஹீட்டரின் வாட்டைத் தாங்கக்கூடியது. கிளம்புகிற நேரத்துக்கு 2 அல்லது 3 மணி நேரம் முன்னால் ஓடத் தொடங்கும்படி வைத்துவிட்டால் போதும். மைனஸ் 20 டிகிரியில் பிளாக் ஹீட்டர் எரிபொருள் சிக்கனத்தை 10 சதவீதம் வரை மேம்படுத்தலாம் என்று கனடாவின் இயற்கை வளத் துறை சொல்கிறது. குறுகிய தூரம் ஓட்டுகிறவர்களுக்குத்தான் இதில் லாபம் அதிகம். ஐந்து கிலோமீட்டர் போய் நிறுத்துகிற வண்டி, முழுதாகச் சூடேறுவதற்கு முன்பே நின்றுவிடுகிறது.

மைனஸ் 15 அளவில் இறங்கினால் நான் மாட்டத் தொடங்குவேன். மைனஸ் 20-க்குக் கீழே போனால் தவறவே விட மாட்டேன். டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் அதற்கு முன்பே தொடங்கலாம். டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது; அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் எரிபொருள் பற்றிக்கொள்ள வேண்டும். சிலிண்டர் சுவர் குளிர்ந்திருந்தால் அது அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். ஒரு விஷயத்தை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: பிளாக் ஹீட்டர் தொட்டியில் இருக்கும் டீசலைச் சூடாக்காது. டீசலில் இருக்கிற மெழுகு உறைந்து வடிகட்டியை அடைத்துக்கொண்டால், என்ஜின் எவ்வளவு வெதுவெதுப்பாக இருந்தாலும் வண்டி நகராது. அதற்குக் குளிர்கால டீசல்தான் போட வேண்டும்.

இனி ஒயர். என் மனதில் மிகுந்த கவலையோடு எழுதுகிற பகுதி இது.

நான்காவது குளிர்காலத்தில் ஒரு நாள் காலை, கையுறையைக் கழற்றிவிட்டு பிளக்கைப் பிடித்தேன். சுட்டது. மைனஸ் 24-ல் பிளாஸ்டிக் சுடக் கூடாது. பிரித்துப் பார்த்தால் மூன்று முள்ளில் ஒன்றைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. பனி உருகச் சாலையில் போடுகிற உப்பு முள்ளில் ஏறி அரித்திருக்கிறது. பிடிப்பு தளர்ந்த இடத்தில் மின்தடை கூடும், கூடினால் சூடேறும், சூடேறினால் இன்னும் தளரும். அப்படியே விட்டிருந்தால் அது என்றைக்காவது என் பம்பருக்குள் தீயாகியிருக்கும். வண்டி நின்றது வீட்டுச் சுவரிலிருந்து இரண்டடி தூரத்தில். வீட்டுக்குள் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து மாதத்துக்கு ஒருமுறையாவது, சுவர் பக்கம் மின்சாரத்தைத் துண்டித்த கையோடு பிளக்கைத் தொட்டுப் பார்த்துவிடுவேன். நீங்களும் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயர் வெளிப்புறத்துக்கானதாக, கடுங்குளிரிலும் வளையக்கூடியதாக, தடித்த கம்பி உள்ளதாக இருக்கட்டும். வீட்டுக்குள் விளக்குக்குப் போடுகிற மெல்லிய ஒயர் மைனஸ் 30-ல் குச்சி மாதிரி விறைத்து, மேலுறை வெடித்துவிடும். மிச்ச ஒயரைச் சுருட்டி வைத்தபடி மின்சாரத்தை ஓட விடாதீர்கள். எர்த் முள்ளை வெட்டாதீர்கள். ஒயரின் மேல் இன்னொரு வண்டி ஏறி இறங்கியிருந்தால், வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் அதை மாற்றிவிடுங்கள். ஒயர் மாட்டியிருப்பதை மறந்து கிளம்புவதைத் தவிர்க்க அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்த வழி: ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் ஒயரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அப்புறம் பிளக்கில் மாட்டு. அதைக் கழற்றாமல் கதவுப் பக்கமே போக முடியாது.

வீட்டுக்குள் இருந்தபடியே வண்டியை ஸ்டார்ட் செய்கிற ரிமோட் ஸ்டார்ட்டர் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். அது உள்ளே உட்காருகிற உங்களுக்கு வசதி. என்ஜினைப் பொறுத்தவரை அது குளிர்ந்த ஸ்டார்ட்தான், கொஞ்சம் சீக்கிரம் நடக்கிறது, அவ்வளவே. நின்ற இடத்தில் இருபது நிமிடம் ஓடவிட்டால் பெட்ரோல் தீரும், எண்ணெயில் ஈரமும் பெட்ரோலும் சேரும், என்ஜின் மெதுவாகத்தான் சூடேறும். ஸ்டார்ட் செய்து அரை நிமிடமோ ஒரு நிமிடமோ விட்டு, கண்ணாடியில் பனி இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, நிதானமாக ஓட்டிப் போவதே சீக்கிரம் சூடேற வழி. மூடிய கராஜுக்குள் வண்டியை ஓடவிட்டுச் சூடேற்றவே கூடாது. கதவைத் திறந்து வைத்திருந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலை சுற்றுகிறது என்று உணர்வதற்குள் எழுந்து போகிற தெம்பு போய்விடும். பிளாக் ஹீட்டரில் அந்த ஆபத்து இல்லை. எனக்கு அதன்மேல் இருக்கிற பிரியத்துக்குப் பாதிக் காரணம் அதுதான்.

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ், கனடாவின் வின்னிபெக், பின்லாந்து நகரங்கள் போன்ற இடங்களில் வாகன நிறுத்தங்களிலேயே கம்பம் நட்டு மின்சாரம் தருகிறார்கள். சில இடங்களில் மின்சாரத்தை மிச்சப்படுத்த, கொஞ்ச நேரம் கொடுப்பதும் கொஞ்ச நேரம் நிறுத்துவதுமாக மாறி மாறி விடுவார்கள். அங்கே போய் உங்கள் டைமரையும் நடுவில் மாட்டினால் பாதிச் சூடுதான் கிடைக்கும். சொருகும் வசதியே இல்லாத அடுக்குமாடியில் இருப்பவர்கள், எரிபொருளில் ஓடுகிற சிறு ஹீட்டரைப் பொருத்திக்கொள்ளலாம், ஆனால் செலவு கூடுதல். நடைபாதையின் குறுக்கே ஒயரை இழுப்பது மட்டும் வேண்டாம். இருட்டில், பனியில் யாராவது இடறி விழுவார்கள்.

குளிரே இல்லாத ஊர்களிலும் இந்தக் கருவி வேலை செய்துகொண்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மின்சாரம் போனதும் சில விநாடிகளில் முழுச் சுமையையும் ஏற்க வேண்டிய பெரிய டீசல் ஜெனரேட்டர்களின் கூலண்ட்டை எப்போதும் வெதுவெதுப்பாகவே வைத்திருப்பார்கள். அறுவை சிகிச்சை அறையில் விளக்கு அணைந்து எரிகிற அந்த இடைவெளியில், என்ஜின் சூடேறட்டும் என்று யாரும் காத்திருக்க முடியாது.

என் ஹீட்டரை ஒவ்வோர் அக்டோபரிலும் சோதித்துவிடுவேன். குளிர் வந்த பிறகு பழுதைக் கண்டுபிடித்துப் பயனில்லை. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, சுவரில் மாட்டாத பிளக்கின் தட்டையான இரண்டு முள்ளுக்கும் இடையே அளக்க வேண்டும். 120 வோல்ட்டில் ஓடும் 400 வாட் ஹீட்டர் என்றால் 36 ஓம் அருகில் காட்டும். 230 வோல்ட் நாடுகளில் 500 வாட் ஹீட்டருக்குச் சுமார் 106. மீட்டர் எதுவும் காட்டவில்லை என்றால் ஒன்று ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது சூடேற்றி எரிந்துவிட்டது. ஒயரை மட்டும் தனியாகக் கழற்றி மாற்ற முடியும் என்பதால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு முள்ளுக்கும் எர்த் முள்ளுக்கும் இடையே ஏதாவது அளவு காட்டினால் சொருகவே கூடாது. உள்ளே கசிவு இருக்கிறது. போன அக்டோபரில் என்னுடையது 37 காட்டியது. அதற்கு முந்தின வருடமும் 37. பானெட்டின் உட்புறம் ஒட்டியிருக்கிற சீட்டில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.